திரும்பி விழுந்த கையெழுத்து

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். நெல்லித்தோப்பில் ரப்பர் ஸ்டாம்ப் கடை. எழுத்தைத் திருப்பி வெட்டினால் காகிதத்தில் நேராக விழும், எனக்குத் தெரிந்த மாயம் அவ்வளவுதான். கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

போன வருஷம் என் மனைவி ஜெசிந்தாவுக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போய் வலியில் துடித்தவள். நாலு மணிக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் மறுபடி தள்ளிப்போகும். இரண்டு மணிக்குச் சாப்பிட வெளியே வந்தவன் பேசாமல் திரும்பியிருக்க வேண்டும். புத்தி எங்கே போனதோ, முசே கூப்பிட்டிருந்தாரே, பத்து நிமிஷ வேலைதானே என்று அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், தனிக்கட்டை. மாடி அறையில் ஒரு பழைய படம் வைத்திருந்தார், செம்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தது. பைபிளில் வரும் பத்துக் கன்னியர் கதை. ஐந்து பேர் விளக்கில் எண்ணெய் தீர்ந்து, வாங்கப் போய்த் திரும்புவதற்குள் கல்யாண வீட்டுக் கதவு சாத்தியாகிவிட்டது. தட்டினால், யாரென்றே தெரியாது என்று உள்ளேயிருந்து பதில்.

"ஒருத்தன் எண்ணெய இன்னொருத்தன் வெளக்குல ஊத்த முடியாதுப்பா. அவனவன் முழிச்சிருக்கணும். அதான் இந்தக் கதவுக்கு அர்த்தம்" என்றார் முசே. "அடியில என்னமோ எழுதியிருக்கு பாரு. வெட்டுனவன் திருப்பி வெட்ட மறந்துட்டான் போல, இடவலமா விழுந்துருக்கு. நீதான் படிக்கணும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "த்ரோ தார்" என்று சேர்த்துப் படித்தார். "நேரம் தப்பிப் போச்சுன்னு அர்த்தம்." காப்பி போடுகிறேன் என்று இறங்கிப் போனார். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது, வெளித் தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. போனோ வண்டிப் பெட்டிக்குள்.

கை வலிக்கத் தட்டினேன். நெடுநேரம் கழித்துக் காலடிச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?"

"நான்தான் முசே, ஸ்டாம்ப் கட ரவி. தாப்பாள எடுங்க."

"எந்த ரவி? அவன் இப்பத்தானே காப்பி குடிச்சிட்டுக் கெளம்பிப் போறான். நீ யாருன்னு எனக்குத் தெரியாது."

காலடி திரும்பிப் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், அது முசேயின் குரலேதான். ஜன்னலுக்கு ஓடினேன். ஜன்னலில் கம்பி, கீழே தெருவில் என் வண்டி, போகிறவர்கள் ஒருவராவது அண்ணாந்து பார்க்க வேண்டுமே! மாதா கோயில் மணி நாலு அடித்தபோது, ஜெசிந்தா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாளே என்று நினைத்துச் சத்தம் போட்டு அழுதேன்.

ஐந்து மணிக்கு வேலைக்கார அம்மா வந்து திறந்தார். கீழே முசே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு காப்பி டம்ளர், இரண்டும் காலி.

கோரிமேட்டுக்குப் பறந்தேன். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. இரவு கண் விழித்தவளிடம், "மன்னிச்சிடு ஜெசி, வர முடியல" என்றேன்.

"என்ன ஒளர்றீங்க? நீங்கதான வந்து கையெழுத்துப் போட்டீங்க. உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் கையப் புடிச்சிக்கிட்டே இருந்தீங்க. வகிட்ட மட்டும் ஏன் அந்தப் பக்கம் எடுத்திருந்தீங்க?"

நர்ஸிடம் கெஞ்சி அந்தத் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்தேதான், சுழிகூடத் தப்பவில்லை. ஆனால் ஸ்டாம்ப் ரப்பரில் வெட்டியதுபோல் இடவலம் மாறியிருந்தது.

மயக்க மருந்து, கிழவருக்கு மறதி என்பீர்கள். நானும் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜெசிந்தா இப்போது நன்றாக இருக்கிறாள். சண்டை வந்தால் மட்டும் சொல்வாள்: "அன்னிக்கு ஆஸ்பத்திரில பேசுனீங்களே, அந்த மாதிரி ஒரு நாளாவது பேசுங்களேன்."

அவன் என்ன பேசினான் என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.