துணியில் குத்திய மெடல்

எங்கள் தோட்டத்தில் பேசும் படத்துக்கு மெடல் கொடுத்தோம். டவுன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. படம் வருவதற்கு முன்னால் நாடகம் வந்துகொண்டிருந்தது. யாராவது நன்றாக நடித்துவிட்டால் பாதியில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெரிய கங்காணி மேடை ஏறுவார். நடிகனின் சட்டையில் வெள்ளி மெடலைக் குத்தி, புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவார். செத்துக் கிடக்கிற வேஷக்காரன்கூட எழுந்து மெடலை வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு, திரும்பப் படுத்துச் சாவான். குத்திய மெடலைத் திரும்ப எடுக்கக் கூடாது. அம்மன் கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றுகிற மாதிரி அது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், மெர்லிமாவுக்குப் பக்கத்தில். பேசும் படம் வந்த பிறகு நாடகக்காரர்கள் வருவது குறைந்துபோனது. நாங்கள் லாரியில் நின்றுகொண்டே மலாக்கா போய்ப் படம் பார்த்துவிட்டு வருவோம். அப்படிப் போன வருஷம் ஒரு ராஜா கதை பார்த்தோம். ராஜாவின் தம்பி பெண்டாட்டி பாலில் விஷம் கலந்து கொடுக்கிறாள். ராஜா அதைக் குடித்துவிட்டு விழுகிறார். அப்புறம் சாமி புண்ணியத்தில் எழுந்துகொள்கிறார். விழுவதற்கு முன்னாலும் பாட்டு, எழுந்த பின்னாலும் பாட்டு.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் பெரிய கங்காணி தொண்டையைச் செருமினார்.

"நம்ம தோட்டத்து மெடல் இந்தத் தடவ அந்த ராஜா வேஷக்காரருக்கு."

"அவரு மதராசுல இருக்காரு. எங்க போயிக் குத்துவீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"படம் திருவிழாவுக்கு இங்கேயே வருது. அவரு படம் காட்டுற துணியில வரப்ப அந்தத் துணியிலயே குத்துவேன். அப்புறம் படக்காரரு மதராசுக்கு அனுப்பி வைக்கட்டும். நாடகத்துல எப்படியோ அப்படித்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு. சண்டையை ஆரம்பித்தது என் அக்கா.

அக்காவும் நானும் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டுவோம். அன்றைக்கு அவள் கத்தியை மரத்தில் வைக்கவேயில்லை.

"பாடுறதுக்கு மெடலா? கைய இப்பிடி நீட்டுறான், மடக்குறான். வேற என்ன செஞ்சான்? இந்த மரங்கூடத்தான் நின்ன எடத்துலயே நிக்குது. இதுக்கும் ஒண்ணு குத்தச் சொல்லு."

"வேற யாருக்குக் குடுக்கணும்ங்கிற?"

"வெசம் கலக்குனாளே, அவளுக்கு. வலது கையில கலக்குறா, இடது கை தானாப் போயித் தாலியத் தொடுது. நீ பாக்கலியா? வாய்தான் சிரிக்குது. கை பயப்படுது. அதுக்குப் பேருதான் நடிப்பு."

நான் பார்க்கவில்லை. நான் ராஜாவின் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் விடமாட்டாள் என்பதால், "பாத்தேன், பாத்தேன்" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தோட்டமே மூன்றாகப் பிரிந்துவிட்டது. கோயில் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ராஜா கட்சி. குழாயடி லயம், படத்தில் குதிரைக்காரனாக வந்து வழுக்கி விழுகிறவனின் கட்சி. அக்கா தனிக் கட்சி. நான் அவள் தங்கச்சி என்பதால் அந்தக் கட்சியில் இருந்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா அக்காவைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்.

"அம்மன் திருவிழாவுல, வெசம் வச்சவளுக்கு மெடல் குத்துனா நல்லாவா இருக்கும், சொல்லு."

"நெசமா வெசம் வச்சாளா ஐயா? அப்ப அந்த ராஜாவும் நெசமாச் செத்தானா? அடுத்த பாட்டுக்கு வந்துட்டானே."

கிராணி ஐயா புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். குதிரைக்காரன் கட்சியில் இரண்டு பேரை அவள் தன் பக்கம் இழுத்தும் விட்டாள். ஆனால் மெடல் கங்காணி வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவர் மனசு மாறவில்லை.

மழைக் காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆசுபத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். கசப்பு மருந்தை வாயில் ஊற்றும்போதெல்லாம், "வெசத்துக்காரிக்கு வெசம் குடுக்குறியா" என்று என்னைத் திட்டுவாள். கடைசியாக என்னிடம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"அந்த மெடல் மட்டும் பாட்டுக்காரனுக்குப் போச்சு, நான் எந்திரிச்சு வந்துருவேன், பாத்துக்க."

வரவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போதும் காலையில் நான் இரண்டு கத்தி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பாதி வழியில் ஞாபகம் வந்து, ஒன்றை வேலியில் செருகிவிட்டுப் போகிறேன்.

திருவிழா வந்தது. படக்காரர் மலாக்காவிலிருந்து லாரியில் மிசினோடு வந்து இறங்கினார். இந்தியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம், அப்பா வயது இருக்கும். எஞ்சின் சூடானால் ஊற்றத் தண்ணீர் வேண்டும் என்றார். என்னைத்தான் அனுப்பினார்கள். நாலாவது வாளி இறக்கும்போது கேட்டேன்.

"பாய், இந்தப் படத்துல யாரு நல்லா நடிச்சிருக்கா?"

"பத்து மாசமா தெனம் பாக்குறேன்மா. ராஜா பாட்டு வந்தா பீடி பத்த வச்சிருவேன். அந்தத் தம்பி பெண்டாட்டி வந்தா மட்டும் பீடி கையிலயே அணஞ்சுபோவுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே படச் சுருள் டப்பாக்களைத் துடைத்தார். ஒரே மிசின். ஒவ்வொரு சுருள் முடிந்ததும் படம் நிற்கும், அடுத்ததை மாட்டுவார். மூன்றாவது சுருள் ராஜாவின் முகத்தோடு ஆரம்பம், அப்போதுதான் மெடல் குத்துவதாகக் கங்காணி சொல்லி வைத்திருந்தார்.

"நாலாவது எப்பிடி ஆரம்பிக்கும், பாய்?"

துடைத்த கை நின்றது. "வெவகாரமான புள்ளயா இருக்கியே. அவ மூஞ்சியிலதான் ஆரம்பிக்கும். பால் சட்டியோட."

"டப்பா மாறிப்போறது உண்டுதானே?"

"இருட்டுல மாறும்லா," என்றார். "வயசான ஆளு வேற."

ஒன்றை மறைக்கக் கூடாது. அதற்கு முந்தின இரண்டு நாளும் நான் வேறு நினைப்பில் இருந்தேன். மெடல் பாட்டுக்காரனுக்கே போகட்டும், அக்கா சொன்னபடி எழுந்து வந்துவிட மாட்டாளா என்று. பைத்தியக்கார நினைப்புதான். வருவாள் என்று தெரிந்தால் நானே ஏணி வைத்து ஏறி அவன் நெஞ்சில் மெடலைக் குத்தியிருப்பேன்.

விளக்கு வைத்ததும் படம் ஆரம்பித்தது. இரண்டு சுருள் முடிந்தது. பெரிய கங்காணி கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டுத் துணியில் சுற்றிய மெடலோடு மேடை ஏறினார். மிசின் ஓடியது. அவர் மெடல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். படத் துணியைக் கையால் பிடித்து இழுத்து, சரக்கென்று குத்திவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். பாய் சத்தத்தைக் குறைத்தார்.

"இந்தப் புண்ணியவானப் பாருங்க. ராஜ களை சொட்டுற மூஞ்சி. பொய் சொல்லத் தெரியாத கண்ணு..."

அவருக்குப் பின்னால் மேடை அளவுக்குப் பெரிதாக அவள் கண்ணை உருட்டிக்கொண்டு பாலைக் கலக்கினாள். குழாயடி லயத்தில் முதலில் சிரித்தார்கள்.

"யாருடா சிரிக்கிறது? இந்த மனுசன் நெஞ்சுல ஒரு துளி வெசம் உண்டா?"

"கங்காணியாரே, ராஜா மூக்குத்தி போட்டிருக்காரு," என்று ஒரு பெரியம்மா எழுந்து நின்று சொன்னாள்.

அவர் திரும்பினார். மெடல் அவள் தாலிக்குப் பக்கத்தில் மினுங்கியது. அவர் கை ஊசியை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. குத்தியதை எடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"நடிப்புல கெட்டவ நல்லவ கெடையாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்போது அவளுடைய இடது கை எழுந்து தாலியைத் தொட்டது. மெடலையும் சேர்த்துத் தொட்ட மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் பார்த்தேன்.

அப்புறம் மூன்றாவது சுருளைப் போட்டார் பாய். விஷம் குடித்து விழுந்த ராஜா உடனே பூந்தோட்டத்தில் பாடிக்கொண்டு வந்தார். "பால்ல சக்கர கம்மி போல," என்றான் ஒருவன். படம் முடிகிற வரைக்கும் மெடல் அசையவில்லை. ஒரு தரம் ராஜாவின் முழங்காலில் இருந்தது, ஒரு தரம் குதிரையின் பின்பக்கத்தில்.

மறுநாள் பாய் மெடலைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மதராசுக்கு அனுப்பினாரா தெரியாது. படத் துணியில் விழுந்த ஓட்டையை மட்டும் தைக்கப் போவதில்லை என்றார்.

ஆக, மெடல் பாட்டுக்காரனுக்குப் போகவில்லை, அக்காவும் எழுந்து வரவில்லை. அவள் பேச்சில் தப்பு சொல்ல முடியாது. அந்தப் பாட்டுக்காரனின் அடுத்த படம் மலாக்காவுக்கு வந்திருக்கிறதாம். அதிலும் அவன் கையை நீட்டி மடக்குகிறான் என்கிறார்கள். இந்தத் தடவை அவனுக்கே குத்தச் சொல்லி நான் ராஜா கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஏன் என்று கங்காணி கேட்டார். நல்லாப் பாடுறாரு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.