நண்டுக்கு ஏழாவது பொருள்

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண்மணி, கையிலிருந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் சான்றிதழ்க் கோப்போடு நின்றேன். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நாட்களில் அந்தக் கோப்பைக் கைக்குழந்தையைப் போலத்தான் தூக்கிக்கொண்டு திரிவேன். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எந்த ஊர் என்றார், சொன்னேன். வயல் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன்.

"அப்ப உக்காருங்க தம்பி. உங்க பக்கம் நண்டுக்கு என்னென்ன பேரு இருக்கு, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

வேலையில் சேர வந்தவன், என் பெயரைச் சொல்லும் முன்னே நண்டின் பெயர்களைச் சொன்னேன். வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிடுவதற்கு ஒரு பெயர், வயிற்றடியில் குஞ்சுகளைச் சுமப்பதற்கு ஒரு பெயர், கால் உடைந்தும் ஓடுவதற்கு ஒரு பெயர். ஒவ்வொன்றையும் தனிச் சீட்டில் எழுதி, மூலையில் தேதி போட்டு, 'சொன்னவர்' என்ற இடத்தில் 'புதுத் தம்பி' என்று குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.

ஒரு பெரிய அகராதியைத் திருத்தி இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவரும் அலுவலகம் அது. அச்சகத்துக்கு மேலே மூன்று அறைகள். எந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும், மேஜையில் பென்சில் தானாக உருளும். பழைய செருப்புப் பெட்டிகளில் லட்சக்கணக்கான சீட்டுகள் இருக்கின்றன. ஒரு சீட்டுக்கு ஒரு சொல், ஒரு பொருள், அது வழங்கிய இடம். அந்தப் பெட்டிகளுக்குப் பொறுப்பு அவர். பதவியின் பெயர் சீட்டெழுத்தர். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றுபோனது. இருபத்திரண்டு வயதில் சீட்டு ஒட்டுகிற வேலைக்கு வந்தவர், இப்போது நாற்பத்து மூன்று. பூதக்கண்ணாடியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பதால் அச்சகத்து ஆட்களுக்கு அவர் 'பூதக்கண்ணாடி'. நேரில் எல்லாருக்கும் அக்கா.

அவருடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இவரோடு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று ஒருநாள் என்னிடமே புலம்பினார். முந்தின நாள் வீட்டில் ஏதோ வாக்குவாதம். இவர் நேராகப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று அவர் கோபப்பட்டு, "கேட்டதுக்குப் பதில் சொல்லாம நண்டு மாதிரி பக்கவாட்டுலயே போற" என்று கத்தியிருக்கிறார். இவர் சட்டென்று அமைதியாகி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிவிட்டுப் பையில் சீட்டைத் தேடியிருக்கிறார். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். 'சொன்னவர்: கணவர். சூழல்: சண்டை.'

"அவ்வளவு கோபத்துலயும் மனுஷன் உவமைய எப்படிப் பிடிச்சார் பாருங்க" என்று அதைப் பெருமையாக வேறு காட்டினார்.

கதைகள் அவரிடம் செல்லாது. பழைய தமிழில் நண்டுக்குக் கள்வன் என்றும் ஒரு பெயர் உண்டு. சேர்ந்த ஒரு மாதத்தில், எனக்குப் படிப்பு இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, சத்தமில்லாமல் வளைக்குள் இழுத்துப் போவதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். கேட்க நன்றாக இருக்கிறது, யார் சொன்னது என்றார். நானாகத்தான் என்றேன். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைச் சீட்டளவுக்கு நான்காகக் கிழித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார். நண்டு என்ற சொல்லின் கீழே 'பிறப்பு தெரியவில்லை' என்று எழுத அவருக்குக் கை கூசாது. தெரியாததைத் தெரியாது என்று அவர் சொல்கிறபோது, தெரிந்தவர்கள் பேச்சைவிட அது கம்பீரமாக இருக்கும்.

இந்த வருடம் முதன்மை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு பொறுப்பாசிரியர் யார் என்பதை ஐந்து பேர் கொண்ட குழு முடிவு செய்ய வேண்டும். விதிப்படி பட்டம் வேண்டும். அக்காவுக்காக அந்த விதியைத் தளர்த்தச் சொல்லி முதன்மை ஆசிரியர் குழுவோடு மல்லுக்கு நின்றார். அவர் கையிலிருந்த ஒரே ஆயுதம் முதற்பதிப்பின் ந தொகுதி. அதற்குச் சீட்டு முழுக்க அக்கா எழுதியது. "பட்டம் கிடக்கட்டும், இந்தத் தொகுதியில ஒரே ஒரு பிழை காட்டுங்க பாப்போம்" என்று சவால் விட்டிருந்தார். யாராலும் காட்ட முடியவில்லை. பொறுப்பாசிரியர் பதவிக்கான பட்டியலில் அக்கா பெயருக்கு அடுத்து என் பெயர் இருந்தது. ஒப்புக்குத்தான் இருந்தது.

பிழையைக் காட்டியது அக்காவேதான்.

முதற்பதிப்பில் நண்டுக்கு ஏழு பொருள். உயிரினம், ராசி, சின்னப் பிள்ளை என்று போய், ஏழாவதாக, 'மரப்பலகைகளை ஒட்டும்போது சேர்த்து நெருக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி' என்று இருந்தது. இரண்டாம் பதிப்புக்காக அந்தப் பொருளுக்கு ஐந்து அச்சுச் சான்றுகளை நான் தேடிப்பிடித்திருந்தேன்: ஒரு பாடநூல், ஒரு குறுக்கெழுத்துப் போட்டி, தச்சுப் பயிற்சிக் கையேடு, இன்னும் இரண்டு. மூன்று இருந்தாலே போதும். அக்கா ஐந்தையும் வரிசையாகப் பரப்பி வைத்து, அச்சான வருடங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"அஞ்சும் நமக்கு அப்புறம் வந்தது தம்பி. அஞ்சும் நம்மளப் பாத்து எழுதினது."

மூலச் சீட்டை எடுத்து வந்தார். அதிலிருந்தது அவருடைய கையெழுத்து, வேலைக்கு வந்த இரண்டாம் மாதத்தில் எழுதியது. உட்கார்ந்து யோசித்தார். அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி ந பெட்டி நனைந்துவிட்டது. பசை ஊறிச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துக் காயவைத்து, கிழிந்தவற்றைப் புதிதாக நகலெடுத்தவர் இவர். மேல் சீட்டில் அழியாமல் பிழைத்த சொல்லையும், கீழ்ச் சீட்டில் பிழைத்த பொருளையும் ஒரே சீட்டென்று நினைத்து எழுதிவிட்டார். அந்தக் கருவிக்கு உரிய சொல் எதுவோ, அது தண்ணீரோடு போய்விட்டது.

சத்தமில்லாமல் ஏழாவது பொருளை எடுத்துவிடலாம், கேட்க ஆளில்லை என்றேன். அல்லது அப்படியே விட்டுவிடலாம், சான்று ஐந்து இருக்கிறது. இரண்டில் எது செய்தாலும் குழுவுக்கு மூச்சு விட வேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மறுநாள் காலையில் தச்சுப் பயிற்சிக் கூடத்துக்குப் போகலாம், வருகிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

கூடம் முழுக்க மரத்தூள். நாங்கள் எதற்காக வந்தோம் என்று சொல்வதற்குள், மூலையிலிருந்த பெஞ்சில் இரண்டு பலகைகளைக் கையாலும் முழங்காலாலும் அழுத்திப் பிடித்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள். "அண்ணே, பசை காயுது, அந்த நண்டக் குடுங்க."

மேஸ்திரி ஆணியிலிருந்து ஓர் இரும்புப் பிடியைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு யார் இந்தப் பெயர் வைத்தது என்று கேட்டார். மேஸ்திரிக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நண்டுன்னா நண்டுதாம்மா. கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு, பதினஞ்சு வருஷமா நாங்க அப்படித்தான் சொல்றோம். கொடுக்கால கவ்விக்குதுல்ல, பேரும் பொருந்தித்தான போகுது? உங்களுக்கு எதுக்கு இந்தச் சந்தேகம்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வாசலுக்கு வந்து, மரத்தூள் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதினார். திரும்பி வரும்போது பேருந்தில் அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் படித்தார். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பு என் பக்கம் திரும்பினார்.

"அத எடுத்தா அந்தப் பொண்ணு பேசுறது பொய்யாயிடும். சும்மா விட்டா நான் எழுதினது பொய்யாயிடும்."

அன்று மாலையே எழுதிவிட்டார். ஏழாவது பொருள் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'பிறப்பு: இவ்வகராதியின் முதற்பதிப்பில், நனைந்த சீட்டுகளை நகலெடுக்கையில் நேர்ந்த பிழை, அதிலிருந்து வழக்குக்கு வந்தது. பிழை செய்தவர்:' என்று எழுதி, தன் முழுப்பெயரையும் சேர்த்திருந்தார். அகராதியில் எத்தனையோ சொற்களுக்குப் பிறப்பு தெரியவில்லை. நாள், இடம், ஆள் மூன்றும் தெரிந்த பிறப்பு இது ஒன்றுதான் என்றார், ஏதோ கிடைக்காதது கிடைத்துவிட்ட மாதிரி.

முதன்மை ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். இத்தனை நாள் உனக்காக நான் கட்டிய கோட்டையை நீயே இடிக்கிறாயே அம்மா என்றார். இவர் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தாரே தவிர, வரியை எடுக்கவில்லை.

குழுக் கூட்டத்தன்று நானும் அந்த அறையில் இருந்தேன். தலைவர் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அக்காவைப் பொறுப்பாசிரியராக்கும் ஆணை, கையெழுத்து மட்டும் பாக்கி. இன்னொன்று நண்டுப் பக்கத்தின் அச்சுப்படி. தலைவர் நல்ல மனிதர், நல்லதுதான் நினைத்தார். பொருள் இருந்துவிட்டுப் போகட்டும், பிறப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லி, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"தெரியவில்லைன்னு போட்டுடலாம்மா. நிறையச் சொல்லுக்கு அப்படித்தான போட்டிருக்கீங்க? சரின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, நானும் இதுல போட்டுடறேன்."

"அதெல்லாம் நெசமாவே தெரியாததுங்க ஐயா" என்றார் அக்கா.

பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து, அடிக்கப்பட்ட வரியின் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழேயும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனார். அடித்ததைக் கணக்கில் எடுக்காதே, இருந்தபடியே அச்சிடு என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்கிற குறி அது. தன் பெயருக்கு வந்தபோதும் வேகம் குறையவில்லை. கடைசிப் புள்ளியை வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி, தாளைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பட்டம் வைத்திருந்த என்னைப் பொறுப்பாசிரியராக்கினார்கள். ந தொகுதி அச்சாகி வந்துவிட்டது, அந்த வரி அதில் இருக்கிறது. அக்கா இப்போது அதே மேஜையில் ப வரிசை பார்க்கிறார்.