உடைஞ்ச கட்சிக்குத் தண்ணி வைச்ச கதை

பாராளுமன்றச் சேவகன் வேலை எண்டால் வேறொண்டுமில்லை, பேசுறவைக்குத் தண்ணி வைக்கிறதும் பேசாதவைக்குக் கடிதம் காவுறதும்தான். ஜேர்மனியிலை ஒரு மாநிலப் பாராளுமன்றத்திலை, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, பதினாறு வருசமாய் இதைத்தான் செய்யிறன். ரெஸ்ரோரண்டிலை மேசை துடைச்சவை, ஆஸ்பத்திரியிலை ட்றொலி தள்ளினவை எல்லாருக்கும் என்ரை பாடு விளங்கும். எல்லாம் காதிலை விழும், ஒண்டும் விழாத மாதிரி நிக்கவேணும்.

அஞ்சு பேர் வேணும்

எங்கட சபையிலை ஒரு சின்னக் கட்சி, ஆறே ஆறு உறுப்பினர். அஞ்சு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் சபையிலை அதை ஒரு குழு எண்டு கணக்கெடுப்பினம். அறை, ரெலிபோன், வேலையாக்கள் எல்லாம் அந்தக் குழுவுக்குத்தான். அஞ்சுக்குக் கீழை போனால் எல்லாத்தையும் சாத்திப்போட்டுப் போகவேண்டியதுதான். அந்தக் கட்சியின்ரை அலுவலகத்தைக் கொண்டு நடத்தினவ மோனிகா. பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருந்துது. நான் இந்த வேலைக்குப் போட்ட அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, குந்தியிருந்து நிரப்பித் தந்ததும் அவதான்.

உக்ரைனிலை சண்டை துவங்க, ஆயுதம் அனுப்பலாமோ கூடாதோ எண்டு இந்த ஆறு பேரும் மூண்டு மூண்டாய்ப் பிரிஞ்சினம். அனுப்பச் சொன்ன பக்கத்துக்குத் தலை ஃபிராவ் க்ரால் எண்ட அம்மா. கூடாதெண்ட பக்கத்துக்கு ஹெர் கோல்மன் எண்ட ஐயா. ரெண்டு பேரும் இருபது வருசச் சிநேகிதம், காலமை கண்டால் கட்டிப்பிடிக்கிற ஆக்கள். நான் வீட்டை போய், "எங்கட சின்னக் கட்சி உடையுது போலை" எண்டு மனிசியிட்டைச் சொன்னன். அவ அடுப்பைக் குறைச்சுப்போட்டு, "ஆர் ஆரைச் சுட்டது?" எண்டு கேட்டா.

பகிடிக்குக் கேக்கேல்லை. எங்கட நாட்டிலை போர் நடக்கேக்கை ஒரு இயக்கம் உடைஞ்சால் என்ன நடக்குமெண்டு அவவுக்குத் தெரியும், அவவின்ரை மூத்த தமையன் அப்பிடித்தான் போனவர். "ஒருத்தரும் சுடேல்லையப்பா, கோப்பி ஃபிளாஸ்க் மட்டும் ரெண்டு வேணுமாம்" எண்டன். "அவ்வளவுதானோ, அப்ப நல்ல சனம்" எண்டா.

அரை மீற்றர் தபால்

கோல்மனும் க்ராலும் சபையிலை பக்கத்திலை பக்கத்திலை இருக்கிறவை. கோவம் வந்தாப்போலை கதிரை மாறுமே? ஒருநாள் பட்ஜெட் விவாதத்துக்கை கோல்மன் கையை உயர்த்திக் கூப்பிட்டு ஒரு துண்டைத் தந்தார், க்ராலிட்டைக் குடுக்கட்டாம். அவ இருந்தது அவற்றை முழங்கை முட்டுற தூரத்திலை. உறுப்பினருக்குக் குறுக்காலை கையை நீட்டுறது எங்கட வேலையிலை பெரிய பிழை. அதாலை வரிசையைச் சுத்திப் போய்க் குடுத்தன்.

மடிக்காத துண்டு, கண்ணிலை படாமல் விடுமே. "உங்கட பை என்ரை காலிலை முட்டுது" எண்டிருந்துது. மறுமொழியும் கையோடை வந்துது, "உங்கட கால்தான் என்ரை பையிலை முட்டுது." அப்பிடி ஏழு தரம் சுத்தினன். வாசலிலை நிண்ட என்ரை கூட்டாளி ஹோர்ஸ்ட், முகத்தைத் திருப்பாமலே சொன்னான், "நாளைக்குச் சைக்கிளைக் கொண்டு வா."

மரியாதை கூடின நாள்

அந்தக் கட்சிக்காரர் எல்லாரும் தங்களுக்கை 'டூ' போட்டுத்தான் கதைக்கிறவை, எங்கட 'நீ' மாதிரி. துண்டுகளிலை பார்த்தால் 'ஸீ', அதாவது 'நீங்கள்'. எனக்கு வலு சந்தோசம். எங்கட ஆக்கள் கோவம் வந்தால் 'நீங்கள்'இலையிருந்து 'நீ'க்கு இறங்கி, பிறகு 'அடே'க்குப் போவினம். இவை என்னடாவெண்டால் மேலை ஏறுகினம். கோவம் ஆறுது, இனிச் சமாதானம்தான் எண்டு நானே முடிவு கட்டிப்போட்டன்.

மத்தியானம் மோனிகாவைத் தேடிப்போய், "இனிப் பயமில்லை. ரெண்டு பேரும் இப்ப 'ஸீ' போட்டு நல்ல மரியாதையாய்க் கதைக்கினம்" எண்டு சொன்னன். மோனிகா கடிச்ச பாணை அப்பிடியே வைச்சா. இருபது வருசம் 'டூ' சொன்ன ஆளை 'ஸீ' எண்டால், ஜேர்மன்காரருக்கு அது கதவைச் சாத்திப் பூட்டுற மாதிரியாம். எனக்கு வெக்கமாயும் போச்சு, துக்கமாயும் போச்சு. அவ பாணைத் திரும்பப் பெட்டிக்கை வைச்சுக்கொண்டு, "அப்ப எனக்கு வேலை போச்சு" எண்டா.

கிளாசுக்குப் பக்கத்திலை

ஆயுதம் அனுப்பச் சொல்லி மத்திய அரசைக் கேக்கிற தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நாளண்டு காலமை மோனிகா ஒரு கடித உறை தந்தா, கோல்மனுக்கு. தன்ரை பென்சன் மட்டும் ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாவாம். உறுப்பினர் தாற துண்டைத்தான் நாங்கள் சபைக்குள்ளை காவலாம், வெளியாக்களின்ரையைக் காவினால் எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஏலாது எண்டு சொல்ல வாயைத் திறந்தன். அவவின்ரை முகத்தைப் பார்த்துப்போட்டு உறையைக் கோட்டுக்கை வைச்சன்.

கோல்மன் பேசப் போகேக்கை தண்ணி கிளாசோடை அதையும் வைச்சன். அவர் பிரிச்சு வாசிச்சுப்போட்டு, மேலை பார்வையாளர் பக்கத்திலை இருந்த மோனிகாவை நிமிந்து பார்த்தார். பிறகு உறையைச் சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு, தானும் மற்ற ரெண்டு பேரும் குழுவை விட்டு விலகிறம் எண்டார். ஆயுதத்துக்குக் கை தூக்கிப்போட்டுத் தன்னாலை நித்திரை கொள்ள ஏலாதாம். பேச்சுக் கடதாசியை அள்ளேக்கை கை பட்டுத் தண்ணி ஊத்துண்டுது. நான் துடைக்கக் குனிய, மெல்லமாய்ச் சொன்னார், "மோனிகாவிட்டை நானே போய் மறுமொழி சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ."

பேர்ப் பலகை

மூண்டும் மூண்டுமாய்ப் பிரிஞ்சால் ஒரு பக்கத்துக்கும் அஞ்சு பேர் இல்லை. குழுவும் இல்லை, அறையும் இல்லை. குழுவில்லாத உறுப்பினர் எல்லாரும் கடைசி வரிசையிலைதான் இருக்கவேணும், அதுவும் பேரின்ரை எழுத்து ஒழுங்கிலை. இது அந்த ஆறு பேரும் யோசிக்காத விதி. நானும் ஹோர்ஸ்டும் பேர்ப் பலகையளைக் கழட்டிக்கொண்டு போய்ப் பின்னாலை பூட்டினம். ஆறும் ஒரே வரிசை. கோல்மனுக்குப் பக்கத்திலை க்ரால்.

அந்த நேரம் மோனிகா அலுவலகத் திறப்பைக் குடுக்க வந்தா. மற்றக் கையிலை ஒரு பூச்சாடியும் தன்ரை கோப்பிக் கோப்பையும். வரிசையிலை இருந்த பேர்களை இந்தப் பக்கத்திலையிருந்து அந்தப் பக்கம் மட்டும் ஒவ்வொண்டாய் வாசிச்சா. ஹோர்ஸ்ட் ஒரு கதிரையை இழுத்து விட்டான், அவ இருக்கேல்லை. திறப்பை என்ரை கையிலை வைச்சுப்போட்டு, "இதுக்கே என்னை வீட்டை அனுப்பினவை?" எண்டு கேட்டா.

ஒரு கட்சி உடைஞ்சதிலை உடைச்ச ஆறு பேருக்கும் கதிரை மிஞ்சினது, கதிரை இல்லாமல் போனது வாக்கே இல்லாத ஒருத்திக்குத்தான்.