முத்தையா அண்ணன் உக்காந்த படம்

படம் புடிக்கிற தொழில்ல வெளிச்சம் கூட ஒரு நேரம் நம்ம சொல்லு கேக்கும், ஆளுங்க கேக்க மாட்டாங்க. கேமராவும் கையுமா அலையிற உங்களுக்கு நான் சொல்லணுமா? பதுளை பஜார்ல ஒரு ஸ்டூடியோவுல வேல பாக்குறேன். பிரஜாவுரிமை மனுவுல ஒட்டுற படத்துக்கு ஆளுங்க வந்து மொறைச்சுக்கிட்டு உக்காருவாங்க, அதுலதான் எங்க பொழப்பு ஓடுது. ஆனா எனக்கு ஆச வேற. ஊருக்கே சோறு போடுற கடைங்களோட பின்பக்கம் இருக்கு பாருங்க, அடுப்பு, பொக, வேர்வ, அத எடுக்கணும்.

அப்புத்தளை தேத்தண்ணி

ஸ்டேசனுக்குப் பக்கத்துல ஒரு தேத்தண்ணிக் கடை. மூடுபனி கடைக்குள்ளயே வந்துடுது, கேத்தல் ஆவி எது, பனி எதுன்னே தெரியல. டீ மாஸ்டரு கைய ஒசத்தி ஆத்துறாரு, அடடா! அப்படியே ஆத்துங்கண்ணேன்னு சொல்லிட்டு கேமராவத் தொறந்தேன். மனுசன் கோப்பைய வச்சுட்டு உள்ள போயி, மொகம் கழுவி, பவுடர் போட்டு, கோட்டு மாட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு டீ ஆத்துறதுதாண்ணே வேணும்னு கெஞ்சினேன். என்னப் பாத்து அவருக்குப் பாவமா போச்சு போல.

"அத எதுக்கு தம்பி புடிக்கிற? அதத்தான் தெனம் எல்லாரும் பாக்குறாங்களே."

கரிஞ்ச தோச

பதுளையில ஒரு சைவக் கடை. தோச மாஸ்டரு முத்தையா அண்ணன் நல்ல மனுசன், கேட்டதும் சரின்னுட்டாரு. அடுப்படியில ஒரே ஒரு கண்ணாடி ஓட்டு வெளிச்சந்தான். அதனால நான் மூணு எண்ணுற வரைக்கும் ஆடாம நிக்கணும். கரண்டியத் தூக்கிப் புடிச்சு செல மாதிரி நின்னாரு. எண்ணி முடிச்சுப் பாத்தா லென்ஸ் முழுக்க ஆவி. தொடச்சேன், மறுபடி எண்ணினேன். கல்லுல கெடந்த தோசைய ரெண்டு பேருமே மறந்துட்டோம்.

முன்னால மேசையில கச்சேரின்னு சொல்ற கவர்மெண்டு ஆபீசு கிளாக்கர் ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், காத்துக்கிட்டிருந்தாரு. பரிமாறுறவன் அந்தத் தோசையவே கொண்டு போய் வச்சுட்டான். மனுசன் சத்தம் போடல. தட்டோட எழும்பி அடுப்படி வாசலுக்கு வந்தாரு.

"தம்பி, உம்மட படத்தில தோசை வெள்ளையா வந்தால் எனக்குச் சொல்லும், என்ர தட்டில கறுப்பாத்தான் வந்திருக்கு."

எல்லா வீட்டு நாற்காலி

அன்னைக்கி முத்தையா அண்ணன் என்னத் தனியா கூப்பிட்டு விசயத்தச் சொன்னாரு. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பொண்ணு பாத்திருக்கு, இவருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. பொண்ணோட அப்பா அங்க ஆளுங்கள வேல வாங்குற கங்காணி. தோட்டத்து வேலன்னா பேரு பதிஞ்சிருக்கு, லயத்து வரிசையில குடியிருக்க ஒரு காம்பிரா இருக்கு. ஓட்டல் வேல அப்படியா, மொதலாளி போன்னா போக வேண்டியதுதானேன்னு இழுக்குறாராம். அதனால கடைக்குள்ள நல்லா உக்காந்திருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பணும்.

கடையில வேல செய்யிற யாரும் முன்பக்கத்து நாற்காலியில உக்காரக் கூடாது, அது மொதலாளி சட்டம். எங்க ஸ்டூடியோவுக்கு வாங்கண்ணே, அரமன வரைஞ்ச தெரைக்கு முன்னால ஜோரா உக்கார வைக்கிறேன்னேன். அவரு சிரிக்கக்கூட இல்ல.

"அந்த நாற்காலி லுணுகலையில பாதி வீட்டுச் செவத்துல தொங்குது தம்பி."

மொதலாளி சட்டம்

நானே போய் மொதலாளிகிட்ட கேட்டேன். ஒரே ஒரு நிமிசம், கடை பூட்டுன பொறகுன்னு பணிவாத்தான் சொன்னேன். அவரு வெத்தலைய மென்னு துப்பிட்டுச் சொன்னாரு.

"இன்னைக்கிப் படத்துக்கு உக்காருவான், நாளைக்கிப் பழக்கத்துக்கு உக்காருவான்."

கண்ணு தொறந்துச்சா

மொதலாளி கோயிலுக்குப் போன ஒரு மத்தியானம். ஜன்னலோர மாபிள் மேசை, நாற்காலியில முத்தையா அண்ணன், முன்னால ஒரு கோப்ப காப்பி. ஆடாதீங்கண்ணேன்னு சொல்லி மூடியக் கழட்டி எண்ண ஆரம்பிச்சேன். அப்பப் பாத்து பின்கதவு வழியா மொதலாளி வந்துட்டாரு.

முத்தையா அண்ணன் எழும்பவும் முடியாம, மூச்சு விடவும் முடியாம இருக்காரு. அண்ணனுக்கு வேல போச்சுன்னே நெனச்சேன். மொதலாளி திட்டத்தான் வாயத் தொறந்தாரு, ஆனா கேமரா தன்னப் பாக்குதுன்னு தெரிஞ்சதும் வாய மூடி, நெஞ்ச நிமித்தி, முத்தையா அண்ணன் நாற்காலி மேல கைய வச்சு அசையாம நின்னுட்டாரு. நான் மூடியப் போட்ட பொறகு, சத்தம் போடுவாருன்னு பாத்தா என் காதுகிட்ட குனிஞ்சாரு.

"என் கண்ணு தொறந்திருந்துச்சா தம்பி?"

கங்காணி வந்த நாளு

வேற பிலிம் இல்ல, அந்தப் படமேதான் லுணுகலைக்குப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழம கங்காணி படத்தோட கடைக்கு நேர்ல வந்துட்டாரு. பஜார் நாளு, கடை நெறைய சனம். நானும் ஒரு மூலையில இருந்தேன். முத்தையா அண்ணன் மாவுக் கையோட ஓடி வந்து, நான் வெறும் தோச மாஸ்டருதாங்க, மொதலாளி இவருதாங்கன்னு உள்ளத ஒடைச்சுச் சொல்லிட்டாரு.

கங்காணி படத்தப் பாத்தாரு, மொதலாளியப் பாத்தாரு. நிக்கிறது நீங்கதானேன்னு கேட்டாரு. அத்தன பேரு முன்னால மொதலாளி என்ன செய்வாரு, ஆமாங்கன்னாரு. கங்காணி படத்த மடியில பத்திரமா சொருகிக்கிட்டாரு.

"மொதலாளிய நிக்க வச்சுட்டு உக்காந்து காப்பி குடிக்கிற ஆளுக்கு வேல எங்க போகப் போவுது? கல்யாணத்தத் தையில வச்சுக்குவோம்."

அதுக்கப்புறம் பதுளையில எந்தக் கடைக்குள்ள நான் கேமராவோட நொழைஞ்சாலும், மொத ஆளா ஓடிப் போயி நாற்காலியில உக்காந்துக்கிறது மொதலாளிமாருதான்.