தாத்தா சாயந்திரம் வருவார்

கேட்டுக்கு ஓர் அடி வெளியே பூட்ஸ் இரண்டையும் ஒட்டவைத்து நின்றுகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "தபால்!" என்று குரல் கொடுக்கிறார் பட்டாளத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வருகிறவள் அவர் பெற்ற மகள். "இங்க ஒரு கையெழுத்துங்கம்மா" என்று பேனாவை நீட்டுகிறார். அவளும் "சரிங்க சார்" என்று போட்டுக் கொடுக்கிறாள். ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது. பேனாவைச் சொருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுகிறார்.

எதிர் வீட்டு ஜன்னல் வழியாக இதைப் பார்த்துப் பார்த்தே என் வலக் கண் இடக் கண்ணைவிடப் பெரிதாகிவிட்டது. நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்.

வாலிபத்தை ராணுவத்துக்கும் மிச்சத்தைத் தபாலாபீசுக்கும் கொடுத்த மனுஷர். உடம்பில் சீருடை இருக்கிறவரை அந்த உடம்பு சர்க்காருடையது என்பது பட்டாளத்தில் ஊறிய பழக்கம். அந்த நேரத்தில் அவருக்கு உறவு கிடையாது, தாகம் கிடையாது, எந்த வீட்டு வாசற்படியும் கிடையாது. தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பது அவர் கணக்கில் கொலைக்கு அடுத்த குற்றம். போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் விளையாட்டாக வெறுந்தலையோடு அவருக்கு சல்யூட் வைத்துவிட்டு, அன்று டியூட்டி முடிந்தபின் தனியாகவே டீ குடிக்க வேண்டியதாயிற்று.

சீருடையைக் கழற்றினாலோ, ஆளே வேறு. தொளதொள சட்டை, ரப்பர் செருப்பு, ஒரு கதை மூட்டை. மீசை இடப் பக்கமாகச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் எல்லையில் மலைமேல் அடித்த காற்று என்பார். அங்கே கல்லைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் எவனும் கூடாரத்தை விட்டு வெளியே வரமாட்டானாம். ஒருவன் மறந்துபோய் வந்து, பக்கத்துப் படைப்பிரிவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தானாம். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவர் மனைவி சொல்லுவாள்: "ஒரே பக்கமா கவுந்து படுத்தா மீசை சாயாம என்ன செய்யும்? காத்தாம் காத்து."

மகள் கல்யாணமாகி வந்தது அவர் தபால் போடும் தெருவுக்கே. ஆரம்பத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பொண்ணு வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சா உங்க சட்டை சுருங்கிடுமாப்பா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் அசையவில்லை. "டியூட்டியில இருக்கேன்மா. உங்கப்பா சாயந்திரம் வருவாரு."

சொன்னபடி சாயந்திரம் வந்தார், இரண்டு டம்ளர் தண்ணீரும் குடித்தார். ஆனால் பேத்தி பிறந்து, பேச்சும் வந்த பிறகு இந்த வசனம் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. குழந்தை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தாத்தா" என்று கூப்பிட்டபோதும், "தாத்தா சாயந்திரம் வருவாரு பாப்பா" என்றே சொல்லிவைத்தார். அது அப்படியே நம்பிவிட்டது. முகம் ஒன்றுதானே என்பீர்கள். அதன் உயரத்துக்குத் தெரிவது பூட்ஸும் பையும்தான். முகம் எங்கோ மாடியில். மீசை ஒன்றாக இருக்கிறதே என்று தாய் தூண்டிப் பார்த்ததற்கு, "அண்ணன் தம்பியா இருப்பாங்க" என்று பதில் வந்ததாம்.

இதில் பெரிய சங்கடம், பேத்திக்குத் தாத்தாவைவிட போஸ்ட்மேன்தான் உசத்தி. தாத்தா வந்தால் ஏறெடுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். போஸ்ட்மேன் குரல் கேட்டால் சோற்றுக் கையோடு ஓடிவரும். தாத்தாவுக்குச் சேர்க்கச் சொல்லி தினம் ஒன்று கொடுத்தனுப்பும்: ஒரு பொத்தான், ஒரு இலை, கடித்த பிஸ்கட். அவரும் பதிவுத் தபாலைப் போல வாங்கிப் பையில் வைப்பார். சாயந்திரம் "வந்துச்சா?" என்று விசாரணை நடக்கும். தாத்தா பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். டியூட்டியில் வாயில் எதையும் போடக்கூடாதாகையால் பிஸ்கட் எறும்போடு பட்டுவாடாவாகும்.

இந்த மாசக் கடைசியில் அவருக்கு ஓய்வு என்றாயிற்று. மாலை, மைக், சால்வை எதற்கும் கலங்காதவருக்கு இந்த ஒரு கேட்டை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று. என் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே அவர் மனைவி சொல்லிச் சிரித்தாள். "போஸ்ட்மேன் எங்கன்னு அது அழுதா நான் என்னடி சொல்லுவேன்?" என்று கேட்டாராம். மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்தாராம்.

கடைசி நாளன்று நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. "தபால்" என்ற குரல் அன்று எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. தாய்க்கு முன்னால் குழந்தை ஓடிவந்து, பழுத்த இலை ஒன்றைக் கம்பி வழியாக நீட்டியது. "தாத்தாகிட்ட குடுத்துடுங்க."

வாங்கிப் பையில் வைத்தார். போகவில்லை. முழங்கால் சொடக்கென்று சத்தம் போட, குனிந்து உட்கார்ந்தார்.

"நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன் பாப்பா."

"எங்க போறீங்க?"

மலைக்காற்றில் ஆளைப் பறக்கவிட்ட மனுஷருக்கு, மாற்றல் என்ற சின்னப் பொய் வாயில் வரவில்லை. "எங்கயும் போகல. வேலை முடிஞ்சுபோச்சு."

முகம் இப்போதுதான் அதன் உயரத்துக்கு இறங்கி வந்திருந்தது. குழந்தை அழவில்லை. பூட்ஸைப் பார்த்தது, பையைப் பார்த்தது, மீசையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது.

"சரி, அப்ப தாத்தாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நாளைக்கு வரும்போது உங்க தொப்பியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வாசலில் நின்ற மகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா, என் பெரிய கண்ணுக்கும் அது பிடிபடவில்லை.

பட்டாளத்தார் எழுந்தார். அடுத்த வீட்டுத் தபால் பையில் கிடக்க, சீருடையோடு அந்தக் கேட்டின் கொண்டியைத் தூக்கினார். உள்ளே ஓர் அடி வைத்தார். தொப்பியைக் கழற்றிப் பேத்தியின் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கிற்று. ஒற்றை விரலால் அதைத் தூக்கிக்கொண்டு குழந்தை அண்ணாந்து பார்த்தது. அவர் பூட்ஸ் இரண்டையும் ஒட்டவைத்தார், நெஞ்சை நிமிர்த்தினார், வெறுந்தலையோடு ஒரு சல்யூட் அடித்தார்.