துவாயால் மூடிய இரண்டு பெட்டிகள்

எங்கள் வீட்டில் எனக்கு நீதிபதி வேலை கிடைத்தபோது வயது ஒன்பது. சண்டை ஓய்ந்து நாங்கள் கண்டாவளைக்குத் திரும்பி வந்து தகரக் கூரை போட்டிருந்த காலம். கோயில் பாட்டு, பள்ளிக்கூட நாடகம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் அப்பா ஒலிப்பதிவு செய்வார். மைக்கில் விழுகிற சின்னக் குரலைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டிக்கு பிரீ ஆம்ப் என்று பெயர். அதையும் அவரேதான் செய்வார்.

அந்த முறை மாமிக்காகச் செய்தார். அப்பாவின் தங்கையான மாமி அருமையாகப் பாடுவார். கொழும்பில் ஒரு வானொலிக்குப் பாடகர் எடுக்கிறார்களாம், ஒரு பாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டுமாம். அப்பாவிடம் ஏற்கெனவே ஐசி என்கிற சின்னச் சில்லு போட்ட பெட்டி ஒன்று இருந்தது. அது போதாதென்று, பழைய ரேடியோக்களில் கழற்றிய ட்ரான்சிஸ்டர்களை வைத்து மூன்று கிழமை மினக்கெட்டு, பிஸ்கட் டின்னுக்குள் இன்னொன்று செய்தார். விரலெல்லாம் ஈயம் சுட்ட கொப்புளம்.

முள்ளு மீற்றரைப் பார்த்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். எது எதுவென்று எனக்குத் தெரியக்கூடாதாம், துவாயால் மூடினார். ஹெட்போனை என் தலையில் மாட்டினார். பெட்டிக்கு ஒரு தரமாக மாமி இரண்டு தரம் பாடினார்.

“இப்ப சொல்லு பிள்ளை. எது இரையாமல் கிடக்கு? முதலாவதோ, ரெண்டாவதோ?”

முதலாவது தெளிவாக இருந்தது. இரண்டாவதில் பாட்டுக்குப் பின்னால் தூறல் மழை பெய்தது. ஆனால் அந்த இரண்டாவதைப் போட்டபோதுதான் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பெட்டியை மூடத் தெரிந்த மனிதருக்கு முகத்தை மூடத் தெரியவில்லை. எனக்கோ அப்பா என்றால் உயிர்.

“ரெண்டாவதுதான் அப்பா. இரைச்சலே இல்ல.”

அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மாமியின் பாட்டு அந்தப் பெட்டியாலேயே பதிவாகிக் கொழும்புக்குப் போனது. வீட்டு ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது அம்மாவுக்கும் மாமிக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. குரல் நல்லது, ஆனால் பதிவில் இரைச்சல் அதிகம், எடுக்க முடியாது. மாமி கதிரையில் இருந்து அழுதார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயெல்லோடி இரைச்சல் இல்லையெண்டு சொன்னனீ?”

எனக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது.

“அப்பா தன்ர காதாலயே கேட்டுப் பாத்திருக்கலாம்தானே? ஏன் என்னைக் கேட்டவர்?”

அம்மா என் வாயைப் பொத்த ஓடி வந்தார். அப்பா தடுத்தார்.

“விடும் அவளை. பிள்ளை சொல்லுறது சரி. என்ர பிழைதான்.”

மாமி அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து அப்பாவுக்கு மெல்லிய சத்தங்கள் கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் ஒருவரும் ஒலிப்பதிவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று என்னிடமிருந்தும் அதை மறைத்திருந்தார்கள். ஆறேழு வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், பிழை தன்னுடையது என்று அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் மீன்குழம்பு விட்டு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.