தாழ்ப்பாள் உள்பக்கம்

ஸ்கூட்டியை நிறுத்தியதும் இளமதி முதல் வேலையாகத் தண்ணீர் குடிப்பாள். கிள்ளை ஊருக்கு வெளியே, இறால் உரிக்கும் கொட்டகையின் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தைச் சரித்து, ஒரு சொம்பு நிறைய. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதில் பாதி சுடிதாரில் வழியும். வாயைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்:

"அக்கா, பாத்ரூம் எங்கக்கா?"

கொட்டகை இறால் கடலூரில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்து கப்பலேறி, எந்த நாட்டுத் தட்டுக்கோ. அதை உரித்த கைகளை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவரத்தான் கம்பெனி இவளை வைத்திருக்கிறது. புவனகிரியில் வீடு. துப்பட்டாவின் உள்பக்கம் வரிசையாக ஊக்குகள். ஸ்கூட்டிப் பெட்டியில் எப்போதும் எலுமிச்சை சாதம், ஏனென்றால் இறால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு தின்றாலும் உதடு வீங்கிவிடும். "எறாவுல சம்பளம் வாங்குது, எறா தின்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுது" என்று உரிக்கிற பெண்கள் அவள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

முதல் தடவை அவள் வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்பு வந்தவர்கள் காரில் வந்தார்கள். அவர்கள் வரும் அன்று புதுக் கையுறை கிடைக்கும், போட்டோ எடுப்பார்கள், கார் திரும்பியதும் கையுறை அலமாரிக்குப் போய்விடும். கேட்டால் "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். வாசலோரம் உட்கார்ந்து உரிக்கும் தில்லையம்மாளுக்கு அது மனப்பாடம். இந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை.

"நம்ம வூட்டுக்கு வாங்க மேடம், பக்கத்துலதான். டைல்ஸ் போட்டது" என்றார் கொட்டகைக்காரர் சின்னப்பிள்ளை.

"இருக்கட்டும்ணே. நீங்க எங்கக்கா போவீங்க?"

தில்லையம்மாள் இறால் பிடித்த கையாலேயே கொட்டகைக்குப் பின்னால் காட்டினாள். சீமைக்கருவேல முள். அதற்கு அந்தப் பக்கம் லாரி போகிற ரோடு. காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இளமதி போனாள். நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள்ளை, அவளுடைய ஊக்கை வாங்கித் தில்லையம்மாளே தோண்டி எடுத்தாள்.

"பகல்ல எப்படிக்கா போறீங்க?"

"யாரு போறா? தண்ணி குடிச்சாத்தான போவணும். காலையில ஒரு டீ, அதோட வூட்டுக்குப் போயித்தான். கையி நாள் பூரா ஐஸ் தண்ணியில கெடக்கும், தொண்டையில ஒரு சொட்டு எறங்காது."

நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்ததையும் சொன்னாள். அங்கே டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். அதைக் கேட்டுப் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சின்னப்பிள்ளை முகம் சுண்டிவிட்டது. "இத நீங்க மேல சொன்னீங்கன்னா ஆர்டர் போயிடும் மேடம். எனக்கு மட்டும் இல்ல, இவுங்க அடுப்புலயும் பூனை தூங்கும்."

உரிக்கிற கைகள் எல்லாம் நின்றன. புருஷன் படகுக்குப் போவதை நிறுத்திய பிறகு தில்லையம்மாள் வீட்டில் இந்த வேலைதான் சோறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

இளமதி அங்கேயே நின்று கடலூருக்குப் போன் போட்டாள். ஐஸ் உடைக்கும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"நிறுத்திடலாம் சார், சுலபம். நம்ம மேல பழி வராது. இவுங்களுக்கு? முள்ளும் அப்படியே இருக்கும், வேலையும் இருக்காது... இல்ல சார், அவுரு ஒண்டியா பண்ணல. மத்தியானத்துக்குள்ள லோடு ஏத்துன்னு வெரட்டுறது நாம. வெலையிலயும் அமுக்குறோம். இதுல அவுரு எங்க போயி கக்கூஸு கட்டுவாரு? நாமளும் பாதி போடணும் சார்."

சின்னப்பிள்ளை அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்காக யாரும் கம்பெனியோடு சண்டை போட்டு அவர் கேட்டதில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அவள் வந்தாள், தண்ணீர் குடித்தாள், முள்ளுக்குள் போனாள், போன் போட்டாள். "இந்தப் பொண்ணுக்கு வேற வேலை இல்லயா?" என்றார் சின்னப்பிள்ளை. "இதான மாமா அதோட வேலை" என்றாள் தில்லையம்மாள். ஆர்டர் நிற்கவில்லை. லோடு நேரம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. ஒருநாள் செங்கல் வந்து இறங்கியது.

தில்லையம்மாள் வாயால் நன்றி சொல்லிப் பழகாதவள். இளமதி வரும் நாளில் மட்டும் இறால் போடாத கத்தரிக்காய்க் குழம்பு தனி டப்பாவில் வரும். "ஜாஸ்தியா வச்சிட்டேன்" என்று நீட்டுவாள்.

இன்றும் அப்படித்தான் இளமதி ஸ்கூட்டியை நிறுத்தினாள், குடத்தைச் சரித்தாள். குடம் காலையில் வைத்தபடியே நிறைந்திருந்தது. அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தாள். புதுக் கக்கூஸ், வெள்ளை அடித்த சுவர், நீலக் கதவு. கதவில் பூட்டு.

"சாவி எங்கண்ணே?"

சின்னப்பிள்ளை சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "சுத்தமா இருக்கணுமில்ல மேடம். கேட்டா குடுத்துடுவேன்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆம்பிளையிடம் போய் அந்தச் சாவியைக் கேட்க யாருக்கு வாய் வரும்?

"இந்த அக்காங்க போவணும்னா உங்ககிட்ட வந்து கேப்பாங்களாண்ணே?"

அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

இளமதி பூட்டைத் திறந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தாள். "இது உள்ள இருந்தா போதும்ணே. கழுவுறத இவுங்க மொறை வச்சிப் பாத்துக்குவாங்க." சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டைக் கொண்டுபோய் ஸ்கூட்டிப் பெட்டியில், எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

தில்லையம்மாள் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு குடத்தைச் சரித்துச் சொம்பை நிரப்பி இளமதியிடம் நீட்டினாள். அவள் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினாள். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, உரிக்காத இறால் கூடையில் பாதி கிடந்தது. எல்லோரும் பார்க்க, தில்லையம்மாள் அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்தாள்.